பீல் உருவாக்கிய இரு காவல் படைகள்

பொருளியல் மாணவர்களுக்கு சர் ராபர்ட் பீல் மூன்று சட்டங்களின் வழியாக அறிமுகமாகிறார். அமைதிக் காலத்தில் வருமான வரியை மீண்டும் கொண்டுவந்த 1842-ஆம் ஆண்டுச் சட்டம், பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் நோட்டு வெளியீட்டுக்கு வரம்பு கட்டிய 1844-ஆம் ஆண்டுச் சட்டம், தானிய இறக்குமதித் தீர்வையை ஒழித்த 1846-ஆம் ஆண்டுச் சட்டம். வகுப்பறையில் நானும் அந்த மூன்றைச் சொல்லியே அவரைக் கடந்து வந்தேன். ஆனால், அவருடைய வாழ்வில் பொருளாதாரத்துக்கு வெளியே நிற்கும் இன்னொரு பகுதி இன்றைய நமக்கு அதிகம் வேண்டியதாகிறது. உலகின் பெரும்பகுதிக்குக் காவல் துறை என்னும் அமைப்பை வார்த்துக் கொடுத்தவர் அவர். அதையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை.

பீல் 1788-இல் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பருத்தி நூற்பிலும் அச்சுத் துணியிலும் பெரும் செல்வம் சேர்த்த ஆலை முதலாளி. 21 வயதில், அயர்லாந்தில் தந்தை வாங்கிக் கொடுத்த தொகுதி ஒன்றின் வழியே நாடாளுமன்றம் புகுந்தார். 24 வயதில் அயர்லாந்தின் தலைமைச் செயலர் ஆனார். 1812 முதல் 1818 வரை அங்கே இருந்தார்.

அயர்லாந்து அப்போது குத்தகை, தசமபாகம், மதம் ஆகிய மூன்றின் சுமையால் கொதித்துக்கொண்டிருந்தது. 1814-இல் அமைதி காக்கும் படை ஒன்றை பீல் அமைத்தார். ஆயுதம் தாங்கிய படை அது. எந்த வட்டாரம் குழப்பத்தில் இருப்பதாக அரசு அறிவிக்கிறதோ, அங்கே அது அனுப்பப்படும். அதன் செலவு அந்த வட்டாரத்து மக்களிடமிருந்தே வசூலிக்கப்படும். அதாவது, அங்கே காவல் என்பது அபராதம். பணம் கட்டுபவனுக்கு அந்தப் படை என்ன செய்தது என்று கேட்கும் உரிமை இல்லை.

இந்த ஐரிஷ் அச்சுதான் பின்னர் கடல் கடந்தது. சிந்து மாகாணத்தைக் கைப்பற்றிய சார்லஸ் நேப்பியர் 1843-இல் அயர்லாந்தின் படையை முன்மாதிரியாகக் கொண்டே அங்கே காவல் துறையை அமைத்தார். நம் மதராஸ் மாகாணத்தின் கதை இன்னும் துயரமானது. வரி வசூலும் காவலும் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்த காலம் அது. வரி பாக்கிக்காக விரல்களைக் கிட்டியில் நெரிப்பதும், கழுத்தையும் காலையும் அண்ணாந்தாள் போட்டுக் கட்டி வெயிலில் நிறுத்துவதும் வழக்கமாக இருந்ததை 1855-ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவு செய்தது. மாட்டுக்குப் போடும் கட்டின் பெயர் மனிதனுக்கான தண்டனையின் பெயராக அரசு ஆவணத்தில் ஏறியது. அதன் பிறகே வருவாய்த் துறையிலிருந்து காவல் பிரிக்கப்பட்டு, 1859-இல் மதராஸ் காவல் சட்டம் வந்தது. இரண்டாண்டு கழித்து வந்த 1861-ஆம் ஆண்டு இந்தியக் காவல் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் படிப்பவருக்கு 1814-ஆம் ஆண்டு அயர்லாந்து நினைவுக்கு வராமல் போகாது. குழப்பமான பகுதியில் கூடுதல் காவலரை நிறுத்தி, செலவை அங்குள்ளோரிடமே வாங்க அது வழி செய்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதையொட்டி எழுந்த கிளர்ச்சியில் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். பிறகு அங்கும் தூத்துக்குடியிலும் தண்டக் காவல் படை நிறுத்தப்பட்டது. அதற்கான வரியைக் கட்டியவர்கள் அவ்வூர் மக்களே.

பீலின் இரண்டாவது அச்சு லண்டன். 1822-இல் அவர் உள்துறைச் செயலர் ஆனபோது, தலைநகருக்கு முறையான காவல் படை வேண்டும் என்ற யோசனையை நாடாளுமன்றக் குழுவே நிராகரித்தது. அத்தகைய படை சுதந்திர நாட்டுக்குப் பொருந்தாது என்பது அக்குழுவின் எண்ணம். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1819-இல் பீலின் சொந்த மாவட்டத்திலேயே, மான்செஸ்டரின் பீட்டர்லூ திடலில், சீர்திருத்தம் கேட்டுக் கூடிய பெருங்கூட்டத்தின்மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்திருந்தது. கூட்டத்தைக் கலைக்கப் படைவீரனை அழைத்தால் என்ன ஆகும் என்பதை நாடே கண்டிருந்தது.

ஏழாண்டு பொறுத்திருந்து 1829-இல் சட்டத்தை நிறைவேற்றினார் பீல். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று முதல் காவலர்கள் ரோந்து புறப்பட்டனர். சிவப்பு ராணுவத்தின் நிறம் என்பதால் அவர்களுக்கு நீல உடை. கையில் துப்பாக்கி கிடையாது. உடைக்குள் மறைத்து வைக்கும் குறுந்தடி மட்டும். வாரச் சம்பளம் 21 ஷில்லிங். குடிபோதைக்காக முதல் நாளே வேலை இழந்தவரும் உண்டு. இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். காவல் பயிற்சிப் பள்ளிகளில் பீலின் ஒன்பது கோட்பாடுகள் என்று சொல்லித் தரப்படும் பட்டியலை பீல் எழுதவில்லை. அது இருபதாம் நூற்றாண்டு நூல்களில் உருப்பெற்றது. பீல் தந்தது கோட்பாட்டை அல்ல, அமைப்பை.

அந்த அமைப்பின் நிதி ஏற்பாடு பொருளியல் மாணவன் கவனிக்க வேண்டியது. சொத்து மதிப்பில் பவுண்டுக்கு எட்டு பென்ஸ் வரை உள்ளூர் வரியிலிருந்தே காவல் செலவு. அயர்லாந்திலும் மக்களே கட்டினர், லண்டனிலும் மக்களே கட்டினர். ஆனால், லண்டன் கடைக்காரனுக்கு வாக்கு இருந்தது, உள்ளூர் மன்றம் இருந்தது, பத்திரிகை இருந்தது, ஜூரியில் இருக்கை இருந்தது. வரி கட்டுகிறவன் கணக்குக் கேட்டான்.

எப்படிக் கேட்டான் என்பதற்கு 1833-ஐப் பார்க்க வேண்டும். பீல் அப்போது எதிர்க்கட்சியில் இருந்தார். மே 13 அன்று கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் தொழிலாளர் கூட்டம் ஒன்றைக் காவலர்கள் தடியடி நடத்திக் கலைத்தனர். அந்த நெருக்கடியில் ராபர்ட் கல்லி என்ற காவலர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். பிரேத விசாரணைக்கு அமர்ந்த 17 ஜூரிகளும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், ரொட்டி சுடுபவர்கள். தொழிலாளர் கிளர்ச்சியில் நாட்டம் கொள்ளக் காரணம் இல்லாதவர்கள். அவர்கள் அளித்த முடிவு, இது சட்டப்படி மன்னிக்கத்தக்க கொலை என்பது. கலைந்து போகுமாறு முறைப்படி அறிவிப்பு வாசிக்கப்படவில்லை, காவலர்கள் தூண்டுதலின்றி மூர்க்கமாக நடந்துகொண்டனர் என்று காரணமும் சொன்னார்கள். கொரோனர் வற்புறுத்தியும் மாற்றிக்கொள்ளவில்லை. ஊர் அவர்களைத் தீவட்டி ஊர்வலமாக அழைத்துச் சென்றது. பதக்கம் அடித்துக் கொடுத்தது.

உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்துக் காவலர்களைப் பெரும்பாலும் விடுவித்தது. என் பார்வையிலும், கடமையில் இருந்த ஒருவரின் சாவை அப்படி எழுதியது அவருக்கு இழைத்த அநீதிதான். ஆயினும், அந்த 17 பேர் அடிபட்டவர்கள் தமக்கு வேண்டியவர்களா என்று பார்க்கவில்லை. அடித்த முறையைப் பார்த்தார்கள். அதே ஆண்டில், மாறுவேடத்தில் தொழிலாளர் சங்கத்தில் புகுந்து தூண்டிவிட்ட போபே என்ற சார்ஜெண்டை மற்றொரு குழு கண்டித்தது, அவர் வேலையிழந்தார். லண்டன் மக்கள் காவலரைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டது இத்தகைய விசாரணைகள் நடந்ததால்தான் என்று நான் நினைக்கிறேன்.

2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றபோது மக்கள் அவர்கள்மீது பூத்தூவினர். இங்கும் பாராட்டியவர்கள் பலர். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டதாக 2022-இல் முடிவு கூறியது. இடையில் 2020 ஜூனில் சாத்தான்குளம் நிகழ்ந்தது. கடைக்காரத் தந்தையும் மகனும் மாண்டதற்கு நாடே கொதித்தது. கொதித்ததில் தவறில்லை. ஆனால், ஆறே மாத இடைவெளியில் நம் தராசு இரு விதமாக நின்றது. நீதிமன்றத்துக்கு வெளியே தண்டிக்கும் அதிகாரத்தை முதல் நிகழ்வில் வாழ்த்திவிட்டு, இரண்டாவதில் அதன் உருவத்தைக் கண்டு அஞ்சினோம்.

பீலுக்கும் அயர்லாந்துக் கணக்கு தீராமலே இருந்தது. பஞ்சத்தில் அயர்லாந்து மடிந்துகொண்டிருந்த 1846-இல், பிரதமராக அவர் தானியச் சட்டங்களை நீக்கப் போராடினார்; கூடவே அந்நாட்டுக்கென அடக்குமுறை மசோதா ஒன்றையும் கொண்டுவந்தார். ஜூன் 25 அன்று பிரபுக்கள் அவை தானியச் சட்ட நீக்கத்தை ஏற்றது. அதே இரவு மக்களவை அடக்குமுறை மசோதாவைத் தோற்கடித்தது. நான்கு நாளில் பீல் பதவி விலகினார். சொந்தக் கட்சியே பிளந்து போயிருந்தது.

சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1850 ஜூன் 29 அன்று, லண்டனில் குதிரையிலிருந்து விழுந்தார். மூன்று நாள் வேதனைக்குப் பின் ஜூலை 2 அன்று இறந்தார். அவர் வீட்டு வாசலில் ஏழைத் தொழிலாளர்கள் இரவும் பகலும் கூடி நின்றனர். மருத்துவர்களின் அறிக்கையை அவர்களுக்கு வாசித்துக் காட்டியவர் ஒரு காவலர். ரொட்டி விலைக்காக அவரை நினைத்த தொழிலாளர்கள் பின்னர் ஆளுக்கொரு பென்னி சேர்த்து அவர் பெயரில் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கினர். அயர்லாந்தில் அப்படியொரு நிதி திரட்டப்பட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.