பசியைப் படமெடுத்தவர்

செட்டிநாட்டுக்கு வரும் வெளியூர் விருந்தினர் எவரும் கைப்பேசியை உயர்த்தாமல் திரும்புவதில்லை. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் படமெடுத்து முடித்த பின்னர் அவர்கள் தெருவுக்கு வருகின்றனர். பூட்டிய வீட்டுத் திண்ணையில் தனித்திருக்கும் மூதாட்டியும், விறகுக் கட்டைத் தலையில் சுமந்து செல்லும் பெண்ணும் அப்போது படமாகின்றனர். அவர்களிடம் அனுமதி கேட்போர் சிலர். பெயரைக் கேட்போர் மிகச் சிலர்.

துன்பத்தில் இருப்பவரைப் படமெடுப்பது அறமா என்னும் வினா கைப்பேசியோடு பிறந்ததன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாணத்தில் அது எழுந்துவிட்டது. அந்த வினாவின் நடுவே நிற்பவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. தாது வருடப் பஞ்சம் என்றதும் நம் கண்முன் தோன்றும் எலும்பும் தோலுமான மனிதர்களின் படங்களுள் பெரும்பாலானவை அவர் எடுத்தவை. படங்களை உலகம் அறியும். எடுத்தவரின் வாழ்க்கையை அறிந்தோர் குறைவு.

1837-இல் இங்கிலாந்தில் பிறந்த ஹூப்பர், இருபது வயதைக் கடந்த நிலையில், 1858-இல் சென்னைக் குதிரைப்படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். படைப்பணி அவருக்குப் பிழைப்பு. ஒளிப்படக் கலையே வேட்கை. 1857 எழுச்சிக்குப் பின்னர், தான் ஆளும் மக்கள் யார் யார் என்று அறிந்துகொள்ள விழைந்த ஆங்கில அரசு, சாதி, இனம், தொழில் வாரியாக இந்தியரைப் படமெடுத்துத் தொகுக்க முனைந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த அந்தப் பெருநூலுக்கு மத்திய மாகாணத்தில் படமெடுத்துத் தந்தவர்களுள் ஹூப்பரும் ஒருவர். அத்தொகுதிகளில் மனிதர் தனி மனிதராக இல்லை. ஒரு வகைக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே நிற்கின்றனர். பெயர் இன்றி மனிதரைப் படமெடுக்கலாம் என்பதை ஹூப்பர் பயின்றுகொண்ட பள்ளி அதுவே.

பின்னர் ஜார்ஜ் வெஸ்டர்ன் என்னும் கால்நடை மருத்துவ அதிகாரியுடன் கூட்டுச் சேர்ந்து படங்களை விற்கத் தொடங்கினார். அந்தக் கூட்டணியின் புலி வேட்டைப் படவரிசை ஐரோப்பியரிடையே புகழ் பெற்றது. துப்பு வருவது முதல் புலி வீழ்வது வரை ஒரு கதைபோல அமைந்த அப்படங்கள் உண்மையான வேட்டையின்போது எடுக்கப்பட்டவை அல்ல. காட்சிக்காக ஆள்களை நிறுத்தி அமைக்கப்பட்டவை. அக்காலக் கருவியின் இயல்பு அத்தகையது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலரும் முன் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். படம் பதிய நொடிகள் ஆகும். அதுவரை எதிரில் இருப்பவர் அசையக் கூடாது. எனவே, அன்று படமெடுத்தவர் பார்ப்பவர் மட்டும் அல்லர், ஏவுபவரும் ஆவார்.

1876-இல் பருவமழைகள் பொய்த்தன. சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் 1878 வரை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் மாண்டோர் 50 லட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர் கணிப்பு. கண்மாயை நம்பியே வாழ்ந்த மதுரை, இராமநாதபுரச் சீமைகளும் தப்பவில்லை. தென்மாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் இலங்கையின் காப்பித் தோட்டங்களை நோக்கிப் புறப்பட்டனர். அதே வேளையில் 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசியை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் தில்லி தர்பாரை வைசிராய் லிட்டன் கோலாகலமாக நடத்திக்கொண்டிருந்தார். துறைமுகங்கள் வழியே தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் கல்லுடைத்தவருக்கும் மண்சுமந்தவருக்கும் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் சிறிது காசும் போதும் என்று வரையறுத்தார். அது உடல் தாங்காது என்று வாதிட்டவர் மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ்.

இந்தச் சூழலில்தான் ஹூப்பர் தம் கருவியைப் பசித்தவர் பக்கம் திருப்பினார். விலா எலும்புகள் துருத்திய ஆண்கள், வற்றிய மார்போடு குழந்தையை ஏந்திய தாய்மார்கள், தலை மட்டும் பெருத்துத் தோன்றும் சிறுவர்கள் ஆகியோர் குழுக் குழுவாக நிறுத்தியும் அமர்த்தியும் படமெடுக்கப்பட்டனர். குடும்பப் படம் எடுக்கும்போது நெடியவரைப் பின்னும் குறியவரை முன்னும் வைப்பதுபோன்ற ஒழுங்கு அவற்றில் உண்டு. நிற்க வலுவற்றவர்கள் படம் பதியும்வரை அசையாதிருக்க வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவருடைய பெயரும் ஊரும் நமக்கு எட்டவில்லை.

படமெடுத்த பின்னர் அவர்களுக்கு உணவோ சிகிச்சையோ தராமல் திருப்பி அனுப்பினார் என்று பிற்கால எழுத்தாளர் பலர் ஹூப்பரைக் குற்றம் சாட்டியுள்ளனர். அக்குற்றச்சாட்டை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும், மறுக்கும் நிலையில் இல்லாதவர்களை ஓர் அதிகாரி தம் விருப்பப்படி நிறுத்தினார் என்பதற்கு அப்படங்களே சாட்சி. பசித்தவன் ஒரு வெள்ளை அதிகாரியிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? உணவு கிடைக்கலாம் என்னும் நம்பிக்கையில் தரப்படும் இசைவு இசைவாகாது.

ஆனால், நீதி ஒருபக்கமாகச் சாயக் கூடாது. சென்னை மாகாணப் பஞ்சம் குறித்த அரசு அறிக்கைகளில் இருப்பவை எண்கள். மாண்டவருக்கு முகம் இருந்தது என்பதை உலகுக்குக் காட்டியவை அப்படங்கள். அவற்றைப் பார்த்துச் செதுக்கப்பட்ட சித்திரங்கள் பிரிட்டிஷ் இதழ்களில் வெளிவந்தன. லண்டன் மாநகரத் தந்தை தொடங்கிய நிதிக்குப் பொதுமக்கள் வாரி வழங்கினர். பட்டினிக் கொள்கையை இன்று வரலாற்றாசிரியர்கள் கண்டிக்கும்போது சான்றாக முன்வைப்பதும் அதே படங்களைத்தான். ஹூப்பர் அவற்றை எடுக்காதிருந்தால், பஞ்சத்தை மறைக்க நினைத்தவர்களுக்கே வசதியாகியிருக்கும்.

எனினும் அப்படங்களில் ஒரு பெருங்குறை உண்டு. பசி தெரிகிறது, பசிக்குக் காரணம் தெரியவில்லை. தானியம் ஏற்றிய கப்பலும், கூலியைக் குறைத்த ஆணையும், தர்பாரின் பந்தலும் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டன. துன்புறுவோர் மட்டும் இருக்கும் படத்தில் துன்பம் இயற்கையின் செயலாகத் தோன்றும், துன்புறுத்தியோர் தப்பிவிடுவர்.

ஹூப்பரின் வாழ்க்கை அத்தோடு முடியவில்லை. 1885-இல் மூன்றாம் ஆங்கிலேய பர்மியப் போர் மூண்டது. மேல்பர்மாவின் தேக்குக் காடுகளில் மரம் வெட்டிய ஆங்கில வணிக நிறுவனத்துக்கும் பர்மிய அரசுக்கும் எழுந்த வழக்கே அதற்குச் சாக்கு. மாண்டலே வீழ்ந்து மன்னர் தீபா இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களைத் தொட்டுப் பார்ப்பவர்கள், பர்மாத் தேக்கின் பின்னே இப்படியொரு போரும் இருந்ததை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் படையில் புரோவோ மார்ஷல் எனப்படும் காவல் அதிகாரியாக மாண்டலே சென்றவர் ஹூப்பர். பிடிபட்ட பர்மியருக்கு மரண தண்டனை நிறைவேற்றுவது அவர் பொறுப்பு.

அங்கும் அவர் கருவியை மறக்கவில்லை. சுடுவதற்குப் படைவீரர் துப்பாக்கியை நீட்டிய கணத்துக்கும் குண்டு பாயும் கணத்துக்கும் இடையே, தகட்டில் படம் பதிவதற்காகக் காலம் தாழ்த்தினார் என்பது அவர்மீது எழுந்த குற்றச்சாட்டு. 1886 ஜனவரியில் லண்டன் டைம்ஸ் இதழில் செய்தி வெளியானதும் பிரிட்டன் கொதித்தது. நாடாளுமன்றத்தில் வினா எழுந்தது, விசாரணை நடந்தது, ஹூப்பர் கண்டிக்கப்பட்டார், அவரது ஊதியமும் சில காலம் குறைக்கப்பட்டது. ஆயினும் மறு ஆண்டே பர்மாவைப் பற்றிய அவருடைய நூறு படங்களின் தொகுப்பு வெளிவந்தது. 1896-இல் பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பியவர், 1912-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் காலமானார்.

புலி வேட்டை, பஞ்சம், மரண தண்டனை என மூன்று காட்சிகளிலும் ஒரே பழக்கம் தொடர்வதைக் காணலாம். எதிரில் இருப்பதைத் தமக்கேற்ப அமைப்பது, உரிய கணத்துக்குக் காத்திருப்பது, அகப்பட்டதும் அடுத்த தகட்டுக்குச் செல்வது. விளையாட்டுக்கு அமைத்த காட்சியில் தொடங்கிய கை, சாவை அமைக்கும் இடத்தில் வந்து நின்றது. மாண்டலேவுக்காக அவரை விசாரித்த அரசு, பஞ்சப் படங்களுக்காக விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால், படமெடுத்தவரை மட்டுமன்றிப் பசியில் தள்ளியவரையும் கூண்டில் ஏற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஹூப்பர் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1911 நவம்பரில், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ஏ.கே. செட்டியார் பிறந்தார். அவரும் படக்கருவியைக் கையில் எடுத்தவரே. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்று, உலகெங்கும் அலைந்து காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடித் திரட்டி, 1940-இல் ஆவணப்படமாக வெளியிட்டார். அந்தப் படத்தில் முன்னே நின்றது காந்தி. தேடியவர் தம்மை எங்கும் முன்னிறுத்திக்கொள்ளவில்லை. கருவிக்குப் பின்னால் நிற்பவரின் அடக்கமும் கருவிக்கு முன்னால் நிற்பவருக்குத் தரும் மரியாதையே என்பதை நம் மண்ணின் அந்த மைந்தர் வாழ்ந்து காட்டினார்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கிறது. 2004 ஆழிப்பேரலை, 2015 சென்னை வெள்ளம், 2020 பெருந்தொற்று என ஒவ்வொரு பேரிடரிலும் ஐந்து கிலோ அரிசியைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு நிற்க, பெறுபவர் தலைகுனிந்து நிற்கும் படங்களைக் கண்டோம். படம் எடுத்த பின்னரே பை கைமாறுகிறது. படத்துக்கு நிற்காவிட்டால் அரிசி இல்லை என்றால், அந்த அரிசிக்கு அவர் விலை கொடுத்துவிட்டார் என்றே பொருள், அது தானமாகாது.

துன்பத்தைப் படமெடுக்கவே கூடாது என்பதன்று இதன் முடிவு. மறைக்கப்படும் கொடுமையை வெளிக்கொணரப் படம் வேண்டும். ஆனால், எடுப்பதற்கு முன் சிலவற்றை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். எதிரில் இருப்பவரால் தயங்காமல் மறுக்க முடியுமா? அவர் பெயரைக் கேட்டறிந்தோமா? அந்தத் துன்பத்துக்குக் காரணமானதும் படத்தில் இருக்கிறதா? அந்த இடத்தில் நம் தாய் நின்றிருந்தால் இப்படத்தை எடுத்திருப்போமா?

அடுத்த முறை செட்டிநாட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டியைக் காணும்போது, கைப்பேசியை உயர்த்தும் முன் அருகில் அமர்ந்து ஒரு வார்த்தை பேசிவிட்டு எடுப்போம். ஹூப்பரின் படங்களில் இருப்போருக்குக் கிட்டாமல் போன மரியாதை அது.