பேதைமை பூண்ட கலைவாணர்

தமிழ் இலக்கணம் நகைச்சுவையைத் தாழ்வாக எண்ணியதில்லை. மெய்ப்பாடுகள் எட்டனைத் தொகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். அழுகையும் பெருமிதமும் வெகுளியும் அதன் பின்னரே வருகின்றன. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்றும் அவர் வகுத்தார். ஆயினும் நம் கவியரங்குகளில் வெகுளிக்குக் கிடைக்கும் கைதட்டல் நகைக்குக் கிடைப்பதில்லை. நகைச்சுவை என்று வரும்போதும் எள்ளல் ஒன்றையே நாம் பெரிதும் அறிவோம். பிறரை இகழ்ந்து சிரிக்க வைப்பது எளிது. பேதைமையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, தன்னைப் பார்த்துப் பிறர் சிரிக்கவும், சிரித்தபின் சிந்திக்கவும் செய்வது அரிது. அந்த அரிய வழியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்தும்போது பேதைமைக்கும் மடனுக்கும் எடுத்துக்காட்டுத் தேடி நான் அவரிடமே செல்வது வழக்கம். இலக்கிய மலரில் திரைப்பட நகைச்சுவை நடிகருக்கு என்ன இடம் என வினவுவோர்க்கு இதுவே என் விடை.

நாஞ்சில் நாட்டுச் சிறுவன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் கிருஷ்ணன். அப்பகுதி அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. குடும்பத்தின் வறுமையால் தொடக்கக் கல்வியோடு பள்ளிப் படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் சிறுவனாக உள்ளே நுழைந்தவர், விற்பனையை விட மேடையையே மிகுதியாகக் கவனித்தார். நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் இரவெல்லாம் ஒலிக்கும் வில்லுப்பாட்டும் அவருக்குப் பாடசாலையாயிற்று. கதை சொல்பவர் ஒருவர், ஆமாம் போட்டுக் கேள்வி கேட்பவர் ஒருவர் என்னும் வில்லுப்பாட்டின் அமைப்பைப் பிற்காலத்தில் அவருடைய திரைக் காட்சிகள் பலவற்றில் காணலாம்.

டி.கே.எஸ். சகோதரர்களின் பாலஷண்முகானந்த சபையில் அவர் சேர்ந்தார். புதுவை மண்ணில் வாழும் நாம் இங்குச் சற்று நின்று செல்ல வேண்டும். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது அவர்களுக்கு நாடகம் கற்பித்த ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். சுவாமிகள் 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில்தான் மறைந்தார்; அவருடைய நினைவிடம் கருவடிக்குப்பத்தில் உள்ளது. ஆற்றின் தென்கரையில் அரியாங்குப்பத்தில் கூடிக் கவி பாடும் நமக்கும் நகரின் வடபால் உள்ள அவ்விடத்துக்கும் தொலைவு சில கல்லே. சுவாமிகளிடம் பயின்றவர்கள் நடத்திய சபையில் பயின்றவர் கிருஷ்ணன். ஆதலின் கலைவாணரின் கலை மரபில் புதுவைக்கும் ஒரு வேர் உண்டு என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

சபையில் அவர் நகைச்சுவை வேடத்தோடு நிற்கவில்லை. யார் வரவில்லையோ அவர் வேடத்தைத் தாம் ஏற்றார், பாடினார், காட்சி அமைத்தார். 'தேசபக்தி' நாடகத்தில் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். தெய்வக் கதைகளுக்கே உரியதாயிருந்த வடிவத்தில் உயிரோடு வாழும் தலைவர் ஒருவரின் கதையைப் புகுத்திய துணிவு சிறிதன்று. பின்னாளில் சுப்பு ஆறுமுகம் என்னும் இளங்கவிஞரைச் சென்னைக்கு அழைத்து வந்து வில்லிசையில் ஊக்கியவரும் இவரே.

அறிவைத் துணைவிக்குக் கொடுத்தவர்

திரைப்படம் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'மேனகா' 1935இல் வெளிவந்தது, எம்.ஜி.ஆர். அறிமுகமான 'சதி லீலாவதி' 1936இல் வந்தது. இரண்டிலும் கிருஷ்ணன் நடித்தார். அதே ஆண்டு 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோது டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார். அவ்வூரிலேயே இருவரும் திருமணம் செய்துகொண்டனர். ஊரில் தமக்கு முன்பே நாகம்மை என்னும் மனைவி இருப்பதை அவர் மதுரத்திடம் மறைத்திருந்தார். உண்மை பின்னரே வெளிப்பட்டது. கலைவாணரைப் போற்றி எழுதுவோர் பலர் இச்செய்தியை ஒரு குறும்பு போலச் சொல்லிச் சிரித்துக் கடந்துவிடுகின்றனர். என்னால் அவ்வாறு கடக்க இயலவில்லை. மதுரம் நொந்திருப்பார் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. அவர் விலகிச் செல்லவும் இல்லை. பின்னாளில் மதுரத்தின் தங்கை வேம்பம்மாளையும் கிருஷ்ணன் மணந்தார்.

வீட்டில் இவ்வாறு இருந்தவர் திரையில் செய்தது முற்றிலும் வேறு. இவ்விருவரும் சேர்ந்து தோன்றிய காட்சிகளை ஊன்றிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். பெருமை பேசுபவர், திட்டம் போடுபவர், ஏமாறுபவர் கிருஷ்ணன். அவரை மடக்கி உண்மையை எடுத்துரைப்பவர் மதுரம். பேதைமையைத் தாம் வைத்துக்கொண்டு அறிவைத் துணைவியின் பங்காக்கினார் கலைவாணர். பெண்ணின் உருவத்தையும் நிறத்தையும் பேச்சையும் இகழ்ந்தே சிரிப்பு மூட்டிய பிற்கால நகைச்சுவைக் காட்சிகள் பலவற்றோடு இதனை ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அவர் தனியே எடுத்து நின்ற புகழில் சரிபாதி மதுரத்துக்கு உரியது.

அந்நாளில் படத்தின் நகைச்சுவைப் பகுதி முழுவதையும் தயாரிப்பாளர்கள் அவரிடமே ஒப்படைத்துவிடுவர். கதை, உரையாடல், பாட்டு, நடிகர் யாவும் அவர் பொறுப்பு. பாட்டுக்கு உடுமலை நாராயணகவி துணை நின்றார். முதன்மைக் கதைக்கும் இப்பகுதிக்கும் தொடர்பு இல்லாமற் போவதும் உண்டு. அது ஒரு குறையே. ஆனால் அந்த விடுதலைதான் அவரை எழுத்தாளராகவும் ஆக்கிற்று. உண்மையையே பேசிய அரிச்சந்திரனைத் தலைகீழாக்கிப் பொய்யையே பேசும் ஒருவனைப் படைத்த 'சந்திரஹரி' 1941இல் வந்தது. அதே ஆண்டு 'ஆர்யமாலா', 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' ஆகியனவும், அடுத்த ஆண்டு 'கண்ணகி'யும் வந்தன. 1944இல் 'ஹரிதாஸ்' வெளியானபோது அவர் புகழின் உச்சியில் இருந்தார்.

சிறை மாதங்கள்

'இந்து நேசன்' என்னும் ஏட்டை நடத்தியவர் லட்சுமிகாந்தன். திரைத்துறையினரின் அந்தரங்க வாழ்வைப் பற்றி எழுதியே அவ்வேடு விற்றது. 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். திசம்பரில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது செய்யப்பட்டனர். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மேல்முறையீடும் அவ்வாண்டே தள்ளுபடியாயிற்று.

நேற்றுவரை நாட்டையே சிரிக்க வைத்தவர் சிறைக்குள்ளே. வெளியே மதுரம். வழக்குக்குப் பணம் வேண்டும். குடும்பத்துக்குச் சோறு வேண்டும். நம்பியிருந்த நடிகர்களுக்குக் கூலி வேண்டும். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபை நடத்தப்பட்டது. 'பைத்தியக்காரன்' நாடகம் பின்னர்ப் படமாகவும் எடுக்கப்பட்டது. தம்மிடம் உண்மையை மறைத்து மணந்துகொண்ட ஒருவருக்காக மதுரம் இத்தனையும் செய்தார். அவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்று ஆராய நமக்கு உரிமை இல்லை. செயல் மட்டும் வரலாற்றில் இருக்கிறது.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அது மறு விசாரணைக்கு வழிசெய்து வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பிற்று. வழக்கறிஞர் வி.எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பாகி வெளியே வந்தனர்.

சிறை இருவரையும் ஒருபோல் விடவில்லை. பாகவதரின் திரைவாழ்வு மீளவே இல்லை. 1959இல் அவர் மறைந்தார். கிருஷ்ணனோ வந்த ஆண்டே 'பைத்தியக்காரன்' படத்தில் தாமும் தோன்றினார். சிறை வாழ்வையே பாட்டுக்குப் பொருளாக்கினார். பழிவாங்கும் எள்ளலுக்கு அவருக்குக் காரணம் இருந்தது. அவரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கும், அவர் வீழ்ச்சியைப் பேசி மகிழ்ந்த வாய்களும் இருந்தன. அவர் அப்பக்கம் போகவில்லை. சிறைக்குச் சென்று வந்தவனை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதே அவருக்குச் சிரிப்பாயிற்று. கலைவாணர் என்னும் பட்டமும் அவ்வாண்டே, நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் முன்னிலையில் அவருக்குச் சூட்டப்பட்டது.

அடுப்பங்கரையும் சம்பள நாளும்

பிற்காலப் படைப்புகளில் அவர் எடுத்தாண்டவை அன்றாடச் சலிப்புகள். அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' 1949இல் வந்தது. அதில் விஞ்ஞானத்தைப் பற்றி இருவரும் பாடும் பாட்டு இன்றும் கேட்கப்படுகிறது. நாட்டின் பெருமைக்காக வளர வேண்டிய விஞ்ஞானம் சற்று நேரத்தில் அடுப்பங்கரைக்கு இறங்கி வந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் இட்டலியும் காப்பியும் பக்கத்தில் வர வேண்டும் என்னும் ஆசை வெறும் வேடிக்கை அன்று. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து கை சலித்த பெண்ணின் வேண்டுதல் அது. மாவரைக்கும் பொறி நம் வீடுகளுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அதனைப் பாட்டில் கேட்டுவிட்டார்கள்.

அப்படத்தின் மற்றோர் அரும்பொருள் கிந்தன் சரித்திரக் காலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகிறான். நந்தன் நெருப்பில் மூழ்கினான். கிந்தன் தொடர்வண்டி ஏறி நகரத்துக்குச் சென்று, படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். காலட்சேபத்தின் இராகமும் நடையும் மாறாமல் பொருள் மட்டும் மாறிற்று. பழைய வடிவத்தில் புதுப் பொருளைப் பெய்வது எவ்வாறு என்று கேட்கும் இளங்கவிஞர்கள் பயில வேண்டிய பாடம் இது. மதுவிலக்குப் பரப்புரையும் அப்படத்தில் உண்டு. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948இல்; பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுவைக்கு அச்சட்டம் எட்டவில்லை. எல்லைக்கு இப்பால் இருந்தோர் அக்காட்சிகளுக்குச் சிரித்த சிரிப்பு சற்று வேறு வகையாகத்தான் இருந்திருக்கும்!

1951இல் சோவியத்து நாட்டுக்குக் கலைக்குழுவில் சென்று வந்தார். அவ்வாண்டு 'மணமகள்', அடுத்த ஆண்டு 'பணம்' ஆகிய படங்களை இயக்கினார். இரண்டுக்கும் உரையாடல் கலைஞர் மு. கருணாநிதி. 'பணம்' படத்துப் பாட்டொன்றில் தி.மு.க. என்னும் மூன்று எழுத்துகளும் ஒலிக்கும். விரித்துப் பார்த்தால் அது திருக்குறள் முன்னணிக் கழகமாக நிற்கும்.

'முதல் தேதி' (1955) இந்தியில் வந்த 'பஹலி தாரீக்' படத்தின் தமிழாக்கம். அவ்விந்திப் படத்தில் சம்பள நாளைப் பற்றிக் கிஷோர் குமார் பாடிய பாட்டை இலங்கை வானொலி ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் ஒலிபரப்பி வந்தது. தமிழில் அப்பொறுப்பு கலைவாணருக்கு. மாத முற்பகுதியின் கொண்டாட்டத்தையும் பிற்பகுதியின் திண்டாட்டத்தையும் அவர் பாடும்போது, பாடுபவர் மேலே நின்று அறிவுரை கூறவில்லை. கடைசி வாரத்தில் கைம்மாற்றுக்கு அலையும் எழுத்தருள் ஒருவராகவே நிற்கிறார். 'ராஜா ராணி'யில் (1956) சிரிப்பின் வகைகளையே பாட்டாக்கிச் சிரித்துக் காட்டினார். மெய்ப்பாட்டியலுக்கு இதனினும் தெளிவான செயல்முறை விளக்கம் நான் கண்டதில்லை.

இறுதி ஆண்டுகள்

பிறருடைய சம்பளத் திண்டாட்டத்தைப் பாடியவர் தம் வரவு செலவைப் பார்க்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், நாகர்கோவிலில் காந்தியடிகளுக்கு நினைவுத்தூண் எழுப்பினார். அவருடைய கொடையைப் பற்றி வழங்கும் கதைகள் எண்ணில. ஒவ்வொருவர் வாயிலும் தொகை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. இறுதிக் காலத்தில் கையில் பணம் இல்லை, கடன் இருந்தது என்பதில் மட்டும் எவர்க்கும் வேறுபாடில்லை. கலைத்துறை எடுத்துக்கொண்ட அளவுக்கு அவருக்குத் திருப்பித் தரவில்லை. அவருக்குப் பின் வந்த சந்திரபாபுவும் 1974இல் வறுமையில்தான் மறைந்தார்.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் நின்ற அண்ணாவுக்காக அவர் பேசிய பேச்சு புகழ் பெற்றது. எதிர்த்து நின்றவர் மருத்துவர். கலைவாணர் அம்மருத்துவரின் திறமையையும் நற்குணத்தையுமே நெடுநேரம் புகழ்ந்தாராம். கேட்டவர்கள் திகைத்தனர். இறுதியில், இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டு நோய் வந்தால் நீங்கள் எங்கே போவீர்கள் என்னும் கருத்துப்பட முடித்தாராம். எதிரியை இகழாமலே வாக்குக் கேட்கலாம் என்பதைத் தேர்தல் மேடைகள் அதன்பின் மறந்துவிட்டன.

அத்தேர்தலில் அண்ணா வென்றார். சில மாதங்களில், 1957 ஆகசுடு 30ஆம் நாள், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கலைவாணர் மறைந்தார். அகவை நாற்பத்தொன்பது நிறையவில்லை. சென்னைத் தியாகராய நகரில் அவருக்கு எழுப்பப்பட்ட சிலையை 1969 சனவரி 14ஆம் நாள் அண்ணா, முதலமைச்சராக, நோயுற்ற உடலோடு வந்து திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அதுவே. மூன்று வாரங்களில் அவரும் மறைந்தார். மதுரம் 1974 மே மாதம் காலமானார். கணவர் மறைந்தபின் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் அவர் வாழ்ந்திருந்தார்.