யார் இந்த கிம் ஃபில்பி? எம்ஐ6-க்குள் இருந்தே சோவியத்துக்கு வேலை பார்த்த டபுள் ஏஜென்ட்!

ஸ்பை த்ரில்லர் படங்கள்ல ஒரு கதை அடிக்கடி வரும். உளவுத்துறைக்குள்ளேயே ஒரு துரோகி இருப்பான். அவனால் நண்பர்களை இழந்த ஏஜென்ட், மேலிடத்து உத்தரவை மீறி பழிவாங்கக் கிளம்புவார். கிளைமாக்ஸில் கணக்கு தீரும்.

நிஜத்திலும் அப்படி ஒரு துரோகி இருந்தார். ஆனா, அவர் கணக்கு கடைசிவரை தீரவே இல்லை. அவர்தான் கிம் ஃபில்பி.

பிறந்தது இந்தியாவில்!

1912 ஜனவரி 1-ம் தேதி, பஞ்சாப் மாகாணத்தின் அம்பாலாவில் பிறந்தார். அப்பா ஐ.சி.எஸ். அதிகாரி. இந்தியாவில் உளவு வேலை பார்க்கும் ஒரு சிறுவனைப் பற்றி கிப்ளிங் எழுதிய நாவல் 'கிம்'. அந்தப் பெயரே இவருக்குச் செல்லப்பெயர் ஆனது.

கேம்பிரிட்ஜில் படிக்கும்போது கம்யூனிசத்தின் மேல் ஈர்ப்பு வந்தது. 1934-ல் லண்டனின் ரீஜென்ட்ஸ் பூங்காவில் ஆர்னால்ட் டாய்ச் என்ற சோவியத் உளவாளி இவரைச் சந்தித்தார். அன்று தொடங்கியது இரட்டை வாழ்க்கை.

திருடன் கையில் சாவி

1940-ல் பிரிட்டிஷ் உளவுத்துறையில் சேர்ந்தார் ஃபில்பி. நல்ல குடும்பம், நல்ல படிப்பு, இனிமையான பேச்சு. யாருக்கும் சந்தேகமே வரல. 1944-ல், சோவியத் உளவாளிகளைக் கண்டுபிடிக்கும் எம்ஐ6 பிரிவுக்கே தலைவர் ஆனார்!

1945-ல் இஸ்தான்புல் சோவியத் தூதரக அதிகாரி கான்ஸ்டன்டின் வோல்கோவ், பிரிட்டனிடம் அடைக்கலம் கேட்டார். பதிலுக்கு லண்டனில் இருக்கும் சோவியத் உளவாளிகளின் பெயர்களைத் தருவதாகச் சொன்னார். அந்த ஃபைல் வந்து சேர்ந்தது யாருடைய மேஜைக்கு? ஃபில்பியின் மேஜைக்குத்தான்.

உடனே மாஸ்கோவுக்குத் தகவல் போனது. விசாரிக்க இஸ்தான்புல்லுக்கு ஃபில்பியே கிளம்பினார், ஆனா அவசரமே படாமல். அதற்குள் வோல்கோவ் ஸ்ட்ரெச்சரில் வைத்து விமானத்தில் ஏற்றப்பட்டுவிட்டார். அவர் திரும்பவே இல்லை.

1949-ல் வாஷிங்டன் போஸ்டிங். அல்பேனியாவின் கம்யூனிச அரசைக் கவிழ்க்க பிரிட்டனும் அமெரிக்காவும் ரகசியமாக ஆட்களை அனுப்பின. அந்தத் திட்டமும் இவர் மூலம் மாஸ்கோவுக்குப் போனது. போனவர்களில் பலர் பிடிபட்டார்கள், கொல்லப்பட்டார்கள்.

நண்பனே வந்து கேட்ட கேள்வி

1951-ல் இவரோட கேம்பிரிட்ஜ் கூட்டாளிகள் பர்ஜஸும் மெக்லீனும் சோவியத்துக்கு ஓடினார்கள். சந்தேகம் ஃபில்பி மேல் விழுந்தது. வேலை போனது. ஆனா 1955-ல், இவர் துரோகி என்று நம்ப ஆதாரம் இல்லை என நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார் வெளியுறவு அமைச்சர் மேக்மில்லன். அடுத்த வருஷமே, பத்திரிகையாளராக பெய்ரூட் போனார் ஃபில்பி.

புதிய சாட்சியம் கிடைத்ததும், 1963 ஜனவரியில் அவரைத் தேடி பெய்ரூட் வந்தார் நிக்கோலஸ் எலியட். எம்ஐ6-ல் பல வருஷமாக ஃபில்பிக்காக வாதாடிய உயிர் நண்பர். சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் துப்பாக்கி வெடித்திருக்கும். நிஜத்தில் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். ஃபில்பி ஒரு பகுதியை ஒப்புக்கொண்டார். ஜனவரி 23 இரவு, விருந்துக்குப் போக வேண்டியவர் மாயமானார். பிறகு மாஸ்கோவில் இருப்பது தெரியவந்தது.

திரையில் தீர்ந்த கணக்கு

எம்ஐ6-ல் வேலை பார்த்த ஜான் லெ காரே, இந்தத் துரோகத்தின் நிழலில் 1974-ல் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலை எழுதினார். 2011-ல் வந்த அதன் படத்தில், துரோகியைப் பழைய நண்பனே சுட்டுக் கொல்வான்.

நிஜ ஃபில்பியை யாரும் சுடல. மாஸ்கோவிலும் அவரை முழுசா நம்பல, பெரிய பொறுப்பும் தரல. குடிப்பழக்கம் முற்றியது. 1988 மே 11-ல், 76 வயதில் இறந்தார். மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 1990-ல் தபால்தலையும் வெளியிட்டார்கள்.

அவரால் உயிரிழந்த பலரின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது.