உத்தியோகம், அகம், எழுத்து: மாஸ்தி வெங்கடேச ஐயங்கார்

பெங்களூரில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு மாஸ்தி என்ற பெயர் புதிதல்ல. சென்னை, மும்பை, டெல்லி, கோவை என்று பல ஊர்களில் இந்த இதழைப் படிக்கும் அன்பர்களுக்கு, அவர் ஞானபீடப் பரிசு வாங்கிய கன்னட எழுத்தாளர் என்ற அளவில் தெரிந்திருக்கலாம். அவர் அகத்தில் பேசிய பாஷை தமிழ் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ! கன்னடத்துச் சிறுகதையின் தந்தை என்று கர்நாடகமே கொண்டாடும் மனிதர், பிறப்பால் தமிழ் பேசும் ஸ்ரீவைஷ்ணவர். இங்கே சாதாரண ஜனங்கள்கூட மாஸ்தி என்ற பெயரோடு ஆஸ்தி என்று எதுகை சேர்த்து, அவரைக் கன்னடத்தின் சொத்து என்று சொல்வார்கள்.

அவரைப் பற்றி நான் எழுத வந்ததற்கு ஒரு சுயநலமான காரணமும் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் உத்தியோகம் பார்த்தேன். இரண்டு குழந்தைகளை வளர்த்தேன். நடு நடுவே வாரப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதினேன். கல்யாணம், கார்த்திகை என்று எங்கே போனாலும், இதற்கெல்லாம் உனக்கு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று யாராவது ஒரு மாமி கேட்காமல் இருந்ததில்லை. அந்தக் கேள்விக்கு நான் பார்த்தவரை நல்ல பதிலாக வாழ்ந்து காட்டினவர் மாஸ்திதான். ஆனால் அவர் வாழ்க்கையிலும் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அதையும் சொல்கிறேன்.

கோலார் ஜில்லா மாலூர் தாலூகாவில் ஹொங்கேனஹள்ளி என்ற கிராமத்தில் 1891-ஆம் வருஷம் ஜூன் 6-ஆம் தேதி பிறந்தார். பக்கத்து ஊரான மாஸ்தியில் வளர்ந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தகப்பனார் சீக்கிரமே காலமானார். பந்துக்கள் தயவில், கஷ்ட ஜீவனத்தில்தான் படிப்பு. பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பி.ஏ. முடித்து, 1914-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. தேறினார். மைசூர் பல்கலைக்கழகம் 1916-ல்தான் வந்தது. அதுவரை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மதராஸ்தான் பட்டம் கொடுக்கும் இடம். பிறகு மைசூர் சிவில் சர்வீஸில் அசிஸ்டெண்ட் கமிஷனர் உத்தியோகம்.

அந்தக் காலத்து அசிஸ்டெண்ட் கமிஷனர் வேலை என்றால் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது அல்ல. தாலூகா தாலூகாவாகச் சுற்ற வேண்டும். ஜமாபந்தி, நிலத்தகராறு, பாகப்பிரிவினை வழக்கு, பஞ்சாயத்து என்று ஊர் வம்பு முழுவதும் வந்து சேரும். மாற்றல் உத்தரவு வந்தால் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். மனைவி பங்கஜம்மா. வீடு நிறையப் பெண் குழந்தைகள். பெண்களைப் படிக்கவைத்து நல்ல இடத்தில் கொடுக்கும் பொறுப்பு ஒரு தகப்பனாருக்கு எப்படிப்பட்டது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் நடுவில் 1920-ல் முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டார். புனைபெயர் ‘ஸ்ரீநிவாச’. வெங்கடேசனுக்கு அதைவிடப் பொருத்தமான மறுபெயர் ஏது?

அவர் எதை எப்போது எழுதினார் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் சிறுகதை, கவிதை, நாடகம், விமர்சனம். அதிகம் போனால் 1928-ல் வந்த ‘சுப்பண்ணா’ மாதிரி ஒரு நீண்ட கதை. இரண்டு பெரிய சரித்திர நாவல்களுமே ஓய்வுக்கு அப்புறம்தான். கிடைக்கிற நேரம் எவ்வளவோ, அதற்குத் தகுந்த உருவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நாவல் எழுத நேரமில்லையே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. எழுத வேண்டும் என்று ஆசைப்படும் உத்தியோகஸ்தர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவருடைய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மொசரின மங்கம்மா’, அதாவது தயிர்க்காரி மங்கம்மா. கர்நாடகத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அறிந்த கதை. பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்குத் தயிர் கொண்டுவந்து விற்கும் ஒரு கிழவி, வாடிக்கை வீட்டு அம்மாளிடம் தன் மனத்தாங்கலைச் சொல்லிக்கொள்கிறாள். பேரனை மருமகள் அடித்துவிட்டாள், தட்டிக்கேட்டதில் சண்டை, பிள்ளை பெண்டாட்டி பக்கம் சாய்ந்துவிட்டான், கிழவி தனிச்சமையல். கடைசியில் அந்தப் பேரன்தான் இரண்டு அடுப்பையும் மறுபடி ஒன்றாக்குகிறான். கதை அவ்வளவுதான். கொலை இல்லை, காதல் இல்லை. கதையைச் சொல்வது அந்த வீட்டு அம்மாள். ஒரு ஐயங்கார் ஆபீசர், வாசல் திண்ணையில் இரண்டு பெண்கள் தயிர்ப்பானையை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவதை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார் என்றால், வீட்டுக்குள் அவர் காது எப்போதும் திறந்திருந்தது என்றுதான் அர்த்தம். வீடு எழுத்துக்கு இடைஞ்சல் என்று புலம்புகிறவர்கள் உண்டு. இவருக்கு வீடே கதையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

இனி அவருடைய பொழுதுபோக்கு. பெங்களூரில் அவர் அகம் கவிபுரத்தில், கவி கங்காதரேஸ்வரர் கோயில் இருக்கும் பேட்டையில். தலையில் மைசூர்ப் பேட்டா, நீளக் கோட்டு, நெற்றியில் நாமம். பசவனகுடி கிளப்புக்குப் போய் நண்பர்களோடு சீட்டாடுவது அவருடைய வாடிக்கை. முதுமையிலும் அதை விடவில்லை. ஞானபீட எழுத்தாளர் சீட்டாடுவாரா என்று சிலருக்கு முகம் சுளிக்கத் தோன்றலாம். என் மாமனார் சீட்டுக் கச்சேரிக்குக் கிளம்பும்போதெல்லாம் என் மாமியார் முகம் போன போக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது! ஆனால் யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் பதவியும் மரியாதையுமாக இருக்கிற மனிதனுக்கு, சீட்டு மேஜையில் எல்லோரும் சமம். தோற்றால் கேலி செய்வார்கள். ரிடயரான குமாஸ்தா, வக்கீல், வாத்தியார் என்று நாலு தரத்து மனிதர்களின் வாய்ப்பேச்சு அங்கே காதில் விழும். மாஸ்தியின் கதைகள் யாரோ நம் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிற மாதிரியே இருப்பதற்கு அந்த மேஜைக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இப்போது என் மனத்தாங்கல். உத்தியோகம், எழுத்து, கிளப் என்று மூன்றையும் ஒரு மனிதர் ஒழுங்காக நடத்தினார் என்றால், நாலாவதான வீட்டை நடத்தினது யார்? பங்கஜம்மா. மாற்றலுக்கு மாற்றல் மூட்டை கட்டினதும், வந்த விருந்தாளிகளுக்குக் காபி கலந்ததும், பெண்களின் பிரசவத்துக்கு நின்றதும் அந்தக் காலத்து எந்த அதிகாரி வீட்டிலும் அகத்துக்காரிதான். மாஸ்தி தம் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைக் கொடுத்திருக்கிறார். ‘பாவ’ என்ற சுயசரிதையே மூன்று பாகங்கள். அந்த அம்மாளின் பக்கத்திலிருந்து ஒரு பாகம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நம் தமிழில் வை.மு. கோதைநாயகி அம்மாள் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, ‘ஜகன்மோகினி’யையும் நடத்தி, 115 நாவல்கள் எழுதினார் என்பதை நினைக்கும்போது எனக்குக் கை தானாகக் கூப்புகிறது. மாஸ்தியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சமன் செய்து வாழ்ந்தார் என்று எந்த ஆண் எழுத்தாளரைப் பற்றிச் சொன்னாலும், தராசின் இன்னொரு தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கையையும் சொல்ல வேண்டும் அல்லவா?

சமனாக ஓடின அந்த வாழ்க்கை ஒரு சமயம் ஆட்டம் கண்டது. மாஸ்தி படிப்படியாக மாவட்டக் கமிஷனர் பதவி வரை உயர்ந்தவர். மைசூர் மகாராஜா ராஜசேவாசக்த என்ற பட்டம் கொடுத்து கௌரவித்திருந்தார். சமஸ்தானத்தில் மந்திரி பதவி தமக்கு நியாயமாக வர வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தபோது, தமக்குக் கீழே இருந்தவரை மேலே ஏற்றிவிட்டார்கள். 1943-ல் உத்தியோகத்தை ராஜினாமா செய்தார். அப்போது வயது 52. குடும்பம் பெரிது. பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்கலாம். நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் செய்வோம், செய்தும் இருக்கிறோம். அவர் செய்யவில்லை. அதுவரை உத்தியோகத்துக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்த எழுத்து, அன்று முதல் முழுநேர வேலையாயிற்று.

1944-ல் ‘ஜீவன’ என்ற மாதப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றுச் சுமார் இருபது வருஷம் நடத்தினார். தம் புத்தகங்கள் பலவற்றைத் தாமே பதிப்பித்தார். பத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அதிலுள்ள கஷ்டம் தெரியும். தார்வாடின் கவிஞர் த.ரா. பேந்த்ரே இவரைச் சொந்தத் தமையனாராகவே பாவித்தார். பேந்த்ரேயின் வீட்டு மொழி மராத்தி, இவருடையது தமிழ். இருவரும் ஞானபீடம் வாங்கியது கன்னடத்துக்கு.

1950-ல் ‘சன்னபசவ நாயக’ வந்தது. 1956-ல் ‘சிக்கவீர ராஜேந்திர’. குடகு நாட்டின் கடைசி ராஜாவைப் பற்றியது இரண்டாவது நாவல். 1834-ல் ஆங்கிலேயர் அவனைப் பதவியிறக்கி நாட்டை எடுத்துக்கொண்டார்கள். ராஜா காசிக்கும் பிறகு லண்டனுக்கும் போய், அங்கேயே 1859-ல் இறந்தான். இது சரித்திரம். மாஸ்தி இதை யுத்தக் கதையாக எழுதவில்லை, ஒரு குடும்பம் கெட்டுப்போகிற கதையாக எழுதினார். குடியில் விழுந்த ராஜா, கூடப்பிறந்த தங்கையையே சிறை வைக்கிறான். தங்கையும் அவள் புருஷனும் தப்பி ஆங்கிலேயரிடம் அடைக்கலம் போகிறார்கள். கெட்ட சகவாசமாகக் கூடவே இருக்கும் நொண்டி பசவன். இத்தனைக்கும் நடுவில் ராணி கௌரம்மாஜி வீட்டின் மானத்தைக் காப்பாற்றப் பாடுபடுகிறாள். அவளைப் படைத்த விதத்தைப் பார்க்கும்போது, அகத்துக்காரிகளின் பாரம் மாஸ்திக்குத் தெரியாமல் இல்லை என்று எனக்குச் சற்று ஆறுதலாக இருக்கிறது. ஒரு நாடு அரண்மனையின் சமையல்கட்டிலும் படுக்கையறையிலும்தான் முதலில் விழுகிறது என்பதை இப்படிக் காட்ட, பல வருஷம் வீடுகளின் வழக்கைத் தீர்த்துவைத்த அதிகாரியால்தான் முடியும்.

இவரைப் பிடிக்காதவர்களும் உண்டு. பின்னால் வந்த புதுமை எழுத்தாளர்களில் சிலருக்கு இவருடைய நிதானம் போதவில்லை. கொந்தளிப்பே இல்லையே என்று பட்டது. எழுத்தாளன் என்றால் கட்டுக்கு அடங்காதவனாக இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு எப்போதும் இருக்கிறது. அதற்கும் இதே பெங்களூரில் உதாரணம் உண்டு. டி.பி. கைலாசம், அவரும் வீட்டில் தமிழ் பேசும் நம்மவர். லண்டனில் நிலவியல் படித்து வந்தவர். சர்க்கார் உத்தியோகத்தை உதறினவர். நாடகங்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, நண்பர்கள் எழுதிக்கொள்வார்கள். மேதைதான், சந்தேகமில்லை. 1946-ல் அவர் காலமானபோது, சொன்னதில் எழுதப்படாமல் போனது எவ்வளவோ. மாஸ்தியிடம் எதுவும் காற்றில் போகவில்லை. கைலாசத்தைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மாஸ்தியைப் படித்தால் நாலு நாள் கழித்து வேலைக்கு நடுவில் ஞாபகம் வருகிறது. இரண்டில் எது உசத்தி என்று அவரவர் சொல்லிக்கொள்ளட்டும்.

சிறுகதைகளுக்காக 1968-ல் சாகித்ய அகாதமிப் பரிசு. ‘காகன கோட்டே’ நாடகம் 1977-ல் சி.ஆர். சிம்ஹா இயக்கத்தில் சினிமாவாக வந்தது. ஞானபீடம் 1983-ஆம் வருஷத்துக்கு, ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவலுக்காக. தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார். 1986-ஆம் வருஷம் ஜூன் 6-ஆம் தேதி, தம் 95-வது பிறந்த நாளன்றே பரமபதம் அடைந்தார்.

மாலூர் தாலூகா மாஸ்தி கிராமத்தில் அவர் வீட்டைக் கர்நாடக அரசு நூலகமாக ஆக்கியிருக்கிறது. அவர் பெயரில் கன்னட எழுத்தாளர்களுக்கு 1993 முதல் ஒரு விருதும் உண்டு. கன்னடம் படிக்கத் தெரியாத வெளியூர் அன்பர்களுக்கு, ‘சிக்கவீர ராஜேந்திரன்’ தமிழிலேயே நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்திருக்கிறது. பழைய பிரதி நூலகங்களில் அகப்பட்டால் விடாதீர்கள். நான் சாயங்காலச் சமையலுக்கு முன்னால் தினம் இருபது பக்கமாகத்தான் படித்து முடித்தேன்.