போட்டோவை நகர வைக்கும் 'ஜூம்' எஃபெக்ட்... அதைப் பிரபலமாக்கிய படங்களுக்குச் சொந்தக்காரர்! யார் இந்த மேத்யூ பிராடி?

செல்போனில் பழைய போட்டோக்களை ஸ்லைடு ஷோவாகப் போட்டால், படம் அப்படியே நிற்காது. மெதுவாகப் பெரிதாகும், இல்லைன்னா ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு நகரும். இதை எல்லாருமே பார்த்திருப்பீங்க.

எடிட்டிங் செயலிகளில் இதற்குப் பெயர் 'கென் பர்ன்ஸ் எஃபெக்ட்'. கென் பர்ன்ஸ், அமெரிக்க ஆவணப்பட இயக்குநர். அவருக்குப் பெரும் புகழ் தந்தது 1990ல் வெளியான 'தி சிவில் வார்' தொடர். அதில் நகர்ந்த படங்களில் பலவற்றுக்குப் பின்னால் இருந்தவர், கடனாளியாக இறந்துபோன மேத்யூ பிராடி.

யார் இந்த பிராடி?

1820களின் தொடக்கத்தில் பிறந்தவர். அப்பா அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் குடியேறி. இளம் வயதில் நியூயார்க் வந்த பிராடி, தந்தியால் புகழ்பெற்ற சாமுவேல் மோர்ஸிடம் புகைப்படக் கலையைக் கற்றார். 1844ல் பிராட்வே பகுதியில் சொந்த ஸ்டூடியோ திறந்தார்.

அரசியல்வாதிகள், எழுத்தாளர்கள் என அன்றைய பிரபலங்கள் எல்லாரும் அவர் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். 1860ல் ஆபிரகாம் லிங்கனை அவர் எடுத்த படம், தேர்தல் நேரத்தில் நாடெங்கும் பரவியது.

போர்க்களத்துக்குப் போன கேமரா

1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. நல்லா ஓடிக்கொண்டிருந்த தொழிலை வைத்துக்கொண்டு, போரைப் படம்பிடிக்கக் கிளம்பினார் பிராடி. அப்போதே அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. அதனால் படக்காரர்களை வேலைக்கு வைத்து, குதிரை வண்டிகளோடு களத்துக்கு அனுப்பினார். அந்த வண்டிதான் அவர்களுக்கு டார்க் ரூம்.

கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். படம் பதிய சில விநாடிகள் ஆகும். ஓடுகிற ஆளை எடுத்தால் கலங்கிப்போகும். அதனால்தான் அந்தப் படங்களில் சண்டையே இருக்காது. முகாம்கள், போஸ் கொடுக்கும் வீரர்கள், சண்டை முடிந்தபின் கிடக்கும் உடல்கள்... அவ்வளவுதான்.

1862 அக்டோபரில், ஆன்டீட்டம் போரில் இறந்தவர்களின் படங்களைத் தன் நியூயார்க் கேலரியில் காட்சிக்கு வைத்தார். தூரத்துச் செய்தியாக இருந்த போரின் கோரத்தை நகர மக்கள் முதன்முறையாகக் கண்ணால் பார்த்தார்கள்.

கடனில் முடிந்த வாழ்க்கை

10,000க்கும் மேற்பட்ட தகடுகள், சுமார் 1 லட்சம் டாலர் செலவு. அரசு வாங்கிக்கொள்ளும் என நம்பினார். 1865ல் போர் முடிந்ததும், அந்தப் படங்களைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் மனசு இல்லை.

பிராடி திவாலானார். 1875ல் அமெரிக்க நாடாளுமன்றம் 25,000 டாலர் கொடுத்தது. கடனுக்கே அது பத்தவில்லை. 1896 ஜனவரி 15 அன்று, நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் கையில் காசில்லாமல் இறந்தார்.

அசையாத படம் அசைந்த கதை

ஸ்டில் படத்தின்மேல் கேமராவை நகர்த்துவது பர்ன்ஸ் கண்டுபிடிப்பு இல்லை. 1957ல் கனடாவில் வந்த 'சிட்டி ஆஃப் கோல்ட்' ஆவணப்படத்திலேயே அது இருக்கு. உள்நாட்டுப் போர் பற்றி எடுக்க நினைத்த பர்ன்ஸுக்கு வேறு வழியும் இல்லை. வீடியோ கிடையாது, ஸ்டில் மட்டும்தான்.

பெரிய கண்ணாடித் தகடுகளில் நுணுக்கம் அதிகம். கூட்டத்தில் நிற்கும் ஒரே ஒரு வீரனின் முகத்துக்கு ஜூம் போனாலும் படம் உடையாது. தொடரைச் சுமார் 4 கோடி பேர் பார்த்தார்கள். பிறகு ஸ்டீவ் ஜாப்ஸ் அனுமதி கேட்டு, 2003ல் ஆப்பிளின் ஐமூவி மென்பொருளில் இந்த எஃபெக்டைக் கொண்டுவந்தார்.

ஃப்ரேமுக்கு வெளியே நின்றவர்கள்

ஜூம் ஒன்றைக் காட்டும்போது மற்றதை வெளியே தள்ளிவிடும். பிராடி கதையிலும் அதுதான் நடந்தது. ஆன்டீட்டம் படங்களை எடுத்தவர் அவரிடம் வேலை பார்த்த அலெக்சாண்டர் கார்ட்னர். ஆனால் கேலரி வாசலில் இருந்தது பிராடியின் பெயர். கார்ட்னர் பின்னர் பிரிந்துபோய்த் தனி ஸ்டூடியோ வைத்தார்.

போர்க்காலக் கண்ணாடித் தகடுகளில் பல இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கு. அதன் இணையதளத்தில் இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம். ஒரு படத்தை எடுத்து நீங்களே ஜூம் பண்ணிப் பாருங்க. முகங்களைப் பார்த்து முடித்ததும், படத்தை எடுத்தவர் பெயரையும் ஒருமுறை பாருங்க.