விரல் கண்ட எழுத்து

ஓலையில் எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். புள்ளி வேண்டும் என்றது இலக்கணம். எழுத்தாணியின் முனை அழுந்தினால் கிழிந்துபோவேன் என்றது ஓலை. இருவரும் வழக்காடியதில் ஓலையே வென்றது. பிறகு அச்சுப்பொறி வந்தது. ஈய எழுத்துக்குக் கிழியும் அச்சம் இல்லை. புள்ளி மீண்டும் தன் இடத்தில் வந்து அமர்ந்தது.

மனிதன் கருவியைச் செய்கிறான். செய்த கருவி அவன் கையையும் எழுத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிறது. மாறிய மனிதன் மறுபடியும் கருவியை மாற்றுகிறான். இந்தக் கொடுக்கல் வாங்கல் என்றும் நின்றதில்லை. அதற்குச் சான்றாக ஒரு வாழ்க்கையை இங்கே சொல்லலாம் என்று எண்ணுகிறேன். நம் ஓலை அஞ்சி ஒதுக்கிய புள்ளியைக் கொண்டே ஒரு முழு எழுத்துமுறையைப் படைத்தவரின் வாழ்க்கை அது. படைத்தபோது அவருக்கு வயது 15. நம்மைப் போலவே ஊரைப் பிரிந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவர் அவர். பெயர் லூயி பிரெயில்.

பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், நான்கு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாக லூயி பிறந்தார். தந்தை குதிரைச் சேணமும் தோல்வாரும் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் ஒருநாள், தந்தையின் பட்டறையில் தோலைத் துளைக்கும் கூர்மையான கருவி ஒன்றை எடுத்துக் குழந்தை விளையாடியது. கை தவறியது, கருவி கண்ணில் பாய்ந்தது. புண் சீழ் பிடித்து மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதிற்குள் இரு கண்களிலும் பார்வை முற்றிலும் போயிற்று.

அக்காலத்தில் ஏழைக் குடும்பத்தில் பார்வை இழந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் இருந்தது; அது பிச்சைப் பாத்திரம். லூயியின் பெற்றோர் அவ்வழியை ஏற்கவில்லை. மற்றப் பிள்ளைகளுடன் அவரையும் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினர். காதால் கேட்டே அவர் வகுப்பில் முன்னின்றார். ஊர்ப் பாதிரியாரும் ஆசிரியரும் முயன்றதன் பயனாக, 1819ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பாரிஸ் நகரிலிருந்த அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது பத்து.

அந்தப் பள்ளியை 1785ஆம் ஆண்டில் தொடங்கியவர் வாலந்தேன் ஆவி என்னும் பெருந்தகை. பார்வையற்றோருக்கும் கல்வி உண்டு என்று உலகுக்குக் காட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். நனைந்த கனத்த தாளைப் பெரிய அச்செழுத்துகளின் மேல் அழுத்தி, எழுத்துகள் புடைத்து நிற்கும்படி அவர் நூல்களைச் செய்தார். கண்ணால் படிக்கும் அதே எழுத்தை விரலால் தடவிப் படிக்க வேண்டும். நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் கோட்டையும் விரல் சுற்றி வந்தாக வேண்டும். ஒரு வாக்கியத்தின் இறுதியை எட்டுவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். எழுத்துகள் பெரியவை, ஆதலால் நூல்கள் தூக்க முடியாத கனம். பள்ளியிலிருந்த நூல்களோ சில. எல்லாவற்றிலும் பெரிய குறை வேறொன்று. அந்த முறையில் மாணவர் படிக்கலாமே தவிர, நினைத்ததைத் தம் கையால் எழுதிவைக்க இயலாது.

குறை எங்கே இருந்தது? ஆவியின் உள்ளத்தில் அன்று. அவர் கண்ணில் இருந்தது. கண்ணுக்கு எளிதான வடிவம் விரலுக்கும் எளிதாக இருக்கும் என்று கண்ணுள்ளவர் கருதிவிட்டார்.

1821ஆம் ஆண்டில் சார்லஸ் பார்பியே என்னும் படை அதிகாரியின் புதிய முறை அப்பள்ளிக்கு வந்தது. கோடுகளும் வளைவுகளும் இல்லாமல், தாளில் குத்திய புள்ளிகளால் ஆன முறை அது. பேச்சின் ஒலிகளை வரிசைக்கு ஆறாக ஆறு வரிசையில் அடுக்கியிருந்தார். இடப்புறம் எத்தனை புள்ளி என்பது வரிசையைச் சொல்லும். வலப்புறம் எத்தனை என்பது அவ்வரிசையில் எந்த ஒலி என்பதைச் சொல்லும். எழுதுவதற்கு ஒரு சட்டமும் ஒரு குத்தூசியும் போதும்.

பன்னிரண்டு வயது லூயியின் விரல் அந்தப் புள்ளிகளைத் தொட்டதும் ஓர் உண்மையை உணர்ந்துகொண்டது: விரலுக்கு ஏற்றது கோடு அன்று, புள்ளியே. அதே விரல் அம்முறையின் குறைகளையும் கண்டது. ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டும். அவற்றை விரல்நுனி ஒரே தொடுகையில் அறிய முடியாது. மேலும் கீழும் நகர்ந்து எண்ண வேண்டும். மற்றொரு குறை, அது ஒலியை மட்டும் எழுதியதே. சொல்லின் எழுத்துக்கூட்டலுக்கு அதில் இடமில்லை. நிறுத்தக்குறி இல்லை, எண் இல்லை, இசைக்குறி இல்லை. பார்வையற்றோருக்கு இவ்வளவு போதும் என்பது போல் அமைந்திருந்தது அம்முறை. லூயிக்கு அது போதவில்லை. மற்றவர் படிக்கும் அனைத்தையும் தாமும் படிக்க வேண்டும், பிழையின்றி எழுதவும் வேண்டும் என்பதே அவர் வேட்கை.

பகலில் பாடம், இரவிலும் விடுமுறையிலும் இந்த ஆராய்ச்சி என மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1824ஆம் ஆண்டிற்குள் முறை உருப்பெற்றுவிட்டது. பன்னிரண்டைப் பாதியாக்கினார்; மூன்று வரிசையில் இரண்டிரண்டாக ஆறு புள்ளிகள். ஒரு விரல்நுனியின் அடியில் ஆறும் அடங்கிவிடும். அந்த ஆறில் எவை எழுந்து நிற்கின்றன என்பதைக் கொண்டு 63 குறிகளை அமைக்கலாம். எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசை எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. அமைப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் பத்து எழுத்துகளுக்கு மேலுள்ள நான்கு புள்ளிகள் மட்டும். அடுத்த பத்து எழுத்துகள் அவற்றோடு கீழே இடப்புறம் ஒரு புள்ளியைச் சேர்த்தவை. அதற்கடுத்த வரிசைக்குக் கீழே இரு புள்ளிகளும் சேரும். ஆங்கிலத்தின் ‘டபிள்யூ’ மட்டும் இந்த ஒழுங்கில் இல்லை. பிரெஞ்சு மொழியில் அன்று அதற்கு வேலையில்லாததால், பின்னர் வந்து கூடத்தின் ஓரத்தில் அமர்ந்த விருந்தாளி அது.

1829இல் இம்முறையை விளக்கி நூல் வெளியிட்டார். பார்பியேயிடம் தாம் பெற்ற கடனை அந்நூலில் மறவாமல் குறிப்பிட்டார். அதில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. பயன்படுத்திப் பார்த்ததில் கோடு விரலுக்கு இடையூறாகவே இருந்தது. 1837இல் வந்த இரண்டாம் பதிப்பில் கோடுகள் நீங்கின. தாம் படைத்ததையே பயன்பாட்டின் முன் வைத்துத் திருத்திக்கொள்ளும் பணிவு அவரிடம் இருந்தது.

அவர் 1828இல் அதே பள்ளியில் உதவி ஆசிரியரானார். 1833இல் முழு ஆசிரியர் பதவி கிடைத்தது. இசையிலும் வல்லவர், பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். அவரிடம் படித்தவர்கள் பாடக்குறிப்பு எடுத்தனர். இசையை எழுதிப் படித்தனர். ஒருவருக்கொருவர் மடல் வரைந்தனர். அதுவரை பிறர் வாய் பார்த்திருந்தவர்கள், எழுதும் மனிதர்களாக மாறினர்.

இந்த மாற்றத்தை எல்லோரும் வரவேற்கவில்லை. லூயிக்கு ஆதரவாக இருந்த தலைவர் 1840இல் பதவி நீக்கப்பட்டார். புதிய தலைவர் துய்ஃபோ புள்ளி எழுத்தைத் தடை செய்தார். பார்வையுள்ளோர் படிக்க முடியாத எழுத்து பார்வையற்றோரைத் தனிக்கூட்டமாகப் பிரித்துவிடும் என்று கருதியவர்கள் அன்று பலர். வாதம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படிக்க வேண்டிய விரல்களை யாரும் கேட்கவில்லை. மாணவர்கள் அஞ்சவில்லை. மறைவாகப் புள்ளி குத்தினர். மறைவாகவே ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். அவர்கள் விடாமல் பற்றிக்கொண்டதால்தான் அந்த எழுத்து பிழைத்தது. இதை மாணவராகிய நாம் சற்றுப் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

துணைத் தலைவர் கதே அம்முறையின் பயனை உணர்ந்து தலைவரின் மனத்தை மாற்றினார். 1844ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், அனைவர் முன்னிலையிலும் புள்ளி எழுத்து எழுதியும் படித்தும் காட்டப்பட்டது.

பார்வையுள்ளோரோடு தொடர்பு வேண்டும் என்பதை லூயி மறுத்தவர் அல்லர். வீட்டுக்கு மடல் எழுதும் மகனின் எழுத்தைத் தாய் படிக்க வேண்டாமா? வழக்கமான எழுத்துகளின் வடிவத்தையே புள்ளிகளால் வரையும் மற்றொரு முறையை 1839இல் வெளியிட்டார். அது கைக்குக் கடினமாக இருந்தது. அதே பள்ளியில் படித்த பூக்கோ என்னும் பார்வையற்ற நண்பர் அதற்கென ஒரு பொறியைச் செய்தார். தட்டச்சுப் பொறி கடைகளுக்கு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, பார்வையற்ற இருவர் சேர்ந்து கண்டவர் படிக்கும் எழுத்தைப் பொறியால் எழுதிவிட்டனர்.

ஈரம் ஊறிய பழைய பள்ளிக் கட்டடம் பலருடைய உடல்நலத்தைக் கெடுத்தது. லூயியையும் எலும்புருக்கி நோய் பற்றியது. 1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், 43 வயது நிறைந்த இரண்டாம் நாளில், அவர் மறைந்தார். அவருடைய எழுத்தைப் பிரான்சு முறையாக ஏற்றுக்கொண்டது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே. 1878இல் பாரிஸ் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு அதனைப் பொதுமுறையாக ஏற்றது.

படைத்தவர் போனபின் படைப்பு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் புள்ளி முறைகள் பல தோன்றி ஒன்றோடொன்று போரிட்டன. ஒரே ஆங்கிலத்தைப் படிக்க ஹெலன் கெல்லர் போன்றோர் பல முறைகளைக் கற்க வேண்டியிருந்தது. 1932இல்தான் ஆங்கிலத்துக்கு ஒரு பொதுமுறை முடிவாயிற்று. நம் நாட்டிலும் அதே கதை. 1887இல் அமிர்தசரசிலும், 1890இல் பாளையங்கோட்டையிலும் பார்வையற்றோர் பள்ளிகள் தோன்றின. மொழிக்கும் பள்ளிக்கும் ஏற்ப முறைகள் வேறுபட்டன. 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொது அமைப்பு வந்தது. இந்திய மொழிகளின் ஒத்த ஒலிகளுக்கு ஒரே குறி என்பது அதன் அடிப்படை. தமிழின் ‘அ’வும் ஆங்கிலத்தின் ‘ஏ’யும் அதில் ஒரே ஒற்றைப் புள்ளிதான். அச்சில் ‘கொ’ என்று எழுதும்போது ககரத்தின் இருபுறமும் குறி நிற்கிறது. புள்ளி எழுத்திலோ முதலில் க, அடுத்து ஒ. நாம் ஒலிக்கும் முறையிலேயே விரலும் படித்துச் செல்கிறது.

கணிப்பொறி வந்தபோது 63 குறிகள் போதவில்லை. ஆறு புள்ளிக்குக் கீழே இரண்டு சேர்ந்து எட்டாயின. தாளுக்கு மாறாக, ஏறி இறங்கும் சிறு ஊசிகளால் ஒரு வரியைக் காட்டும் கருவிகள் வந்தன. இன்று கைப்பேசியின் கண்ணாடித் திரையிலே ஆறு விரல்களால் தட்டிப் புள்ளி எழுத்து எழுத முடிகிறது.

அதே கைப்பேசி இன்று வாய்விட்டு வாசித்தும் காட்டுகிறது. இனிப் புள்ளி எதற்கு என்று கேட்போரும் உளர். காது கேட்பது ஒலியைத்தான். பொறி படிக்கும் குரலில் பள்ளியும் பல்லியும் ஒன்றாகக் கேட்கலாம். அரமா அறமா என்று ஐயம் எழலாம். விரல் மட்டுமே எழுத்தைத் தொட்டுப் பார்க்கும். பார்பியேயின் ஒலிமுறை போதாதென்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை எண்ணிய அதே கேள்வி இருநூறு ஆண்டுகள் கழித்து வேறு உருவில் நம் முன் நிற்கிறது. பேசும் பொறி பெரும் உதவி, ஐயமில்லை. அது போதுமா என்பதைச் சொல்லவேண்டியவர் அதைக் கொண்டு படிப்பவரே.

பார்வையற்றோருக்கான நூலாக்கத்துக்குப் பதிப்புரிமை தடையாகாதபடி 2013இல் மராகேஷ் நகரில் உடன்படிக்கை உருவாயிற்று. அதை முதன்முதலில் உறுதிசெய்த நாடு நம் இந்தியா. ஆனால் நம் வகுப்பில் பாடக்குறிப்பைப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறோம். படத்திலுள்ள எழுத்தைப் பொறி எளிதில் வாசிப்பதில்லை. நம்மோடு படிக்கும் பார்வையற்ற நண்பர் மறுபடியும் பிறர் வாய் பார்த்திருக்க நேர்கிறது. தட்டச்சுச் செய்து அனுப்ப நமக்கு ஆகும் நேரம் சிறிதே. அதற்கும் முன்னால், எந்த வடிவில் வேண்டும் என்று அவரையே கேட்பதற்கு நேரம் ஒன்றும் ஆகாது.

லூயி பிரெயில் மறைந்து நூறு ஆண்டுகள் ஆனபோது, 1952இல், பிரான்சு அவர் உடலை எடுத்துச் சென்று, பாரிஸ் நகரில் நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனில் வைத்தது. கூவ்ரே மக்கள் அவருடைய கைகளை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டனர். பட்டறையில் கூர்முனைக் கருவியை எடுத்துப் பார்வையை இழந்த கைகள் அவை. அதைப் போன்ற மற்றொரு கூர்முனையைப் பிடித்து எழுத்தைப் படைத்த கைகளும் அவையே.