கரி இன்ஜினை ஓய்வுக்கு அனுப்பிய டீசல்: யார் இந்த ருடால்ஃப்?

செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் 1904-ல் ரயில் ஓடத் தொடங்கியபோது இழுத்தது கரி இன்ஜின். ஆனால், அதை ஓரங்கட்டப்போகும் இன்ஜின் அதற்கு 7 வருஷம் முன்பே ஜெர்மனியில் ரெடி! செய்தவர் ருடால்ஃப் டீசல். ஆமாம், பங்க்கில் நாம் போடுகிற டீசல் அவர் பெயர்தான்.

1858-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், அப்பாவுக்குத் தோல் பொருட்கள் செய்யும் தொழில். 1870-ல் போர் வந்ததும் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. 12 வயதுப் பையன் படிப்புக்காக ஜெர்மனியில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

மியூனிக்கில் பொறியியல் படித்தபோது ஒரு கணக்கு அவரை உறுத்தியது. நீராவி இன்ஜினில் 100 ரூபாய்க்குக் கரி போட்டால், சுமார் 10 ரூபாய்க்குத்தான் வேலை நடக்கும். மிச்ச வெப்பமெல்லாம் புகையோடும் ஆவியோடும் போய்விடும். போதாததற்கு, வண்டி கிளம்பப் பல மணி நேரம் முன்பே பாய்லரைப் பற்றவைக்கணும், வழியெல்லாம் தண்ணீர் பிடிக்கணும், சாம்பல் அள்ளணும்.

சிலிண்டருக்குள்ளேயே எரித்தால் என்ன என்று யோசித்தார் டீசல். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகுமே, அதே சூத்திரம்தான். காற்றைக் கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1893-ல் காப்புரிமை கிடைத்தது. 1897 சோதனையில் வெப்பத்தில் 26% வேலையாக மாறியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் இந்த வகை இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது! பெரிய பாய்லர் வாங்க வசதியில்லாத சிறு பட்டறைக்காரர்களுக்கும் ஓர் இன்ஜின் வேண்டும் என்பது அவர் ஆசை.

பணம் கொட்டியது, வழக்குகளிலும் தவறான முதலீடுகளிலும் கரைந்தது. உடம்பும் கெட்டது. 1913 செப்டம்பர் 29 இரவு, பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர் காலையில் அறையில் இல்லை. சில நாள் கழித்துக் கடலில் உடல் கிடைத்தது. கடன் தாங்காத தற்கொலையா, கொலையா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அவர் கடைசியாக ஏறிய அந்தக் கப்பல் ஒரு நீராவிக் கப்பல்.

அவர் இன்ஜின் தண்டவாளத்தைப் பிடிக்கத்தான் ரொம்ப நாளானது. இந்திய ரயில்வேக்குக் கரி இன்ஜின் செய்வது 1970-களின் தொடக்கத்தில்தான் நின்றது. 1990-களில் வழக்கமான ஓட்டமும் முடிந்தது. தெருவிலிருந்து மறைந்த நீராவி, மின் நிலையத்துக்குள் இன்னும் இருக்கிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலும் கூடங்குளத்திலும் டர்பைனைச் சுற்றுவது இன்றைக்கும் அதுதான்.